என்எஃப்எல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது? அமெரிக்கக் காற்பந்தின் சிறு லீக்குகள் பற்றி ஒரு கேள்வி

பிடோக் வாசகன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகன் ஒஹாயோ மாநிலத்தில் படித்துக்கொண்டிருக்கிறான். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, தன் விடுதிக்கு அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளித் திடலில் அமெரிக்கக் காற்பந்து ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து என்னை அழைத்தான். ஆடியவர்கள் மாணவர்கள் அல்லர். பகலில் கிடங்கிலும் பட்டறையிலும் வேலை பார்க்கும், முப்பது வயதைத் தொட்ட ஆண்கள். தலைக்கவசம், தோள்கவசம், நடுவர்கள், ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் என்று எல்லாமே முறையாக இருந்தனவாம். ஆட்டம் முடிந்தபின் அவன் ஒரு வீரரிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறான். இது மைனர் லீக் என்று பெருமையாகச் சொன்ன அவர், அடுத்த மூச்சிலேயே, இந்தப் பருவத்தில் ஆடுவதற்குத் தம் கைக்காசிலிருந்து சந்தா கட்டியதாகவும் சொன்னாராம். "ஆடுகிறவரே காசு கொடுத்து ஆடினால் அது எப்படி மாமா தொழில்முறை லீக் ஆகும்?" என்று அவன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் எனக்கு இந்த ஆட்டத்தோடுள்ள உறவு, என்எஃப்எல் என்ற உச்சத் தொழில்முறை லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பௌல் நம் நேரப்படி நடக்கும் திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு காலை ஏழரை மணிக்குக் காப்பியுடன் தொலைக்காட்சியின் முன் உட்காருவதோடு சரி. ஆனால் பேஸ்பாலில் ஒவ்வொரு பெரிய அணிக்குக் கீழேயும் படிப்படியாகக் கிளை அணிகள் உண்டு என்பதையும், இங்கிலாந்தின் காற்பந்தில் கீழ்ப்பிரிவு அணி வெற்றி பெற்று மேலே ஏறலாம் என்பதையும் அறிவேன். அமெரிக்கக் காற்பந்தில் மட்டும் 32 அணிகள் கொண்ட என்எஃப்எல் வானத்தில் தனியாகத் தொங்குவதுபோல் தோன்றுகிறது. அதற்குக் கீழே முறையான அடுக்கு என்றாவது இருந்ததா? இருந்திருந்தால் அது ஏன் நிலைக்கவில்லை? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் மருமகனிடம் சொல்வேன்.

சிராங்கூன் சாலைக்காரர் எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. 1990களில் சில ஆண்டுகள் பணி நிமித்தம் பென்சில்வேனியாவில் இருந்தவன் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகன் இருக்கும் ஒஹாயோவில்தான் கதையின் பாதி நடந்தது. பணம் வாங்கிக்கொண்டு ஆடியதாக ஆவணச் சான்றுள்ள முதல் ஆட்டக்காரர் பட்ஜ் ஹெஃபல்ஃபிங்கர். 1892 நவம்பரில் பிட்ஸ்பர்க் பகுதியின் அலெகேனி சங்கம் ஒரே ஓர் ஆட்டத்திற்காக அவருக்கு 500 டாலர் கொடுத்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கேன்டன், மாசிலன், அக்ரன் போன்ற ஒஹாயோ தொழில் நகரங்கள் ஊருக்கு ஓர் அணி வைத்துக்கொண்டு மோதின. இன்று அதை ஒஹாயோ லீக் என்று எழுதுகிறார்கள். உண்மையில் அலுவலகமோ சட்டதிட்டமோ அதற்கு இருக்கவில்லை, ஊர்ப்பெருமைதான் இருந்தது. கேன்டன் அணி 1915இல் ஜிம் தோர்ப்பை ஆட்டத்திற்கு 250 டாலர் என்று பேசி அழைத்து வந்தது. 1920 செப்டம்பரில் அதே கேன்டனில், ரால்ஃப் ஹே என்பவரின் கார் விற்பனைக் கூடத்தில் கூடிய அணி உரிமையாளர்கள் தொடங்கிய சங்கம்தான் 1922இல் என்எஃப்எல் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

அந்தத் தொடக்கக் காலத்தில் என்எஃப்எல்லுக்கும் ஊர் அணிகளுக்கும் நடுவே மதில் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கிரீன் பே பேக்கர்ஸ் 1919இல் இறைச்சிப் பதனிடும் நிறுவனம் ஒன்றின் ஆதரவில் தோன்றிய ஊர் அணி. 1921இல் லீக்கில் சேர்ந்துவிட்டது. நான் இருந்த இடத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பாட்ஸ்வில் என்னும் நிலக்கரி நகரத்தின் மரூன்ஸ் அணி, 1924இல் சுரங்க நகரங்களுக்குள் நடந்த ஆந்த்ரசைட் லீக்கில் ஆடியது. மறு ஆண்டே என்எஃப்எல்லில் நுழைந்து, பட்டம் யாருக்கு என்ற பெரிய தகராறிலும் சிக்கியது. நான் இருந்த காலத்தில்கூட அந்த ஊர் முதியவர்கள் அந்தப் பட்டம் தங்களுடையது என்றே வாதாடினார்கள். ஒஹாயோவின் போர்ட்ஸ்மத் ஸ்பார்ட்டன்ஸ் 1930இல் சேர்ந்தது; 1934இல் டெட்ராய்ட்டுக்கு விற்கப்பட்டு லயன்ஸ் ஆனது. திறமையும் பணமும் இருந்தால் ஊர் அணி மேலே போகலாம் என்றிருந்த அந்த வழி, பொருளாதாரப் பெருமந்தத்தின்போது சிறு நகர அணிகள் ஒவ்வொன்றாகச் சரிய, தானாகவே அடைபட்டது. பேக்கர்ஸ் மட்டும் தப்பிப் பிழைத்தது.

நீங்கள் கேட்கும் கிளை அணி முறைக்கு மிக அருகில் வந்தது 1936க்குப் பிந்தைய பத்தாண்டுகள். அந்த ஆண்டில் நியூயார்க், நியூ ஜெர்சி வட்டாரத்தில் அமெரிக்கன் அசோசியேஷனும், தென்கிழக்கில் டிக்சி லீக்கும் தொடங்கின; 1940இல் மேற்குக் கரையில் பசிபிக் கோஸ்ட் லீக் வந்தது. சிகாகோ பேர்ஸ் அணியின் ஜார்ஜ் ஹாலஸ் 1939இல் நியூவர்க் அணியை வாங்கி, அதற்கும் பேர்ஸ் என்றே பெயரிட்டுத் தம் இளம் வீரர்களை அங்கே அனுப்பினார். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு ஜெர்சி சிட்டியில் ஒரு கிளை இருந்தது. பேஸ்பாலில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக பிராஞ்ச் ரிக்கி 1920களில் உருவாக்கிய பண்ணை முறையின் நகல் இது. போர் வந்ததும் அமெரிக்கன் அசோசியேஷன் 1941 பருவத்தோடு நின்றது. 1946இல் அமெரிக்கன் ஃபுட்பால் லீக் என்ற பெயரில் மீண்டு வந்து, 1950 வரை மூச்சுப் பிடித்துக் கிடந்தது. டிக்சி லீக் 1947இலும் பசிபிக் லீக் 1948இலும் முடிந்தன.

பசிபிக் லீக்கைப் பற்றி இன்னும் ஒரு பத்தி எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 1934 முதல் 1945 வரை என்எஃப்எல்லில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. எழுதப்படாத தடை அது. மேற்குக் கரை லீக் அந்தத் தடையைப் பின்பற்றவில்லை. கல்லூரி ஆட்டத்தில் நாடறிந்தவராக இருந்தும் என்எஃப்எல் தொடாமல் விட்ட கென்னி வாஷிங்டன் ஹாலிவுட் பேர்ஸ் அணிக்கு ஆடினார். அவருடைய கல்லூரித் தோழர் வுடி ஸ்ட்ரோடும் அவருடன் ஆடினார். இன்னொரு தோழரான ஜாக்கி ராபின்சன், பின்னாளில் பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்தாரே அவரேதான், 1941இல் ஹவாயின் ஹொனலூலு பேர்ஸ் அணிக்கு ஆடிவிட்டு டிசம்பர் 5ஆம் தேதி கப்பலேறினார். இரண்டு நாள் கழித்து பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. 1944இல் அவர் லாஸ் ஏஞ்சலிஸ் புல்டாக்ஸ் அணியிலும் ஆடினார். 1946இல் ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தபோது, பொதுப்பணத்தில் கட்டிய விளையாட்டரங்கில் நிறத்தடை பார்க்கும் அணிக்கு இடமில்லை என்ற நெருக்குதல் எழுந்தது. அப்போதுதான் வாஷிங்டனும் ஸ்ட்ரோடும் என்எஃப்எல்லுக்குள் வந்தார்கள். வாஷிங்டனின் முழங்கால் அதற்குள் தேய்ந்துவிட்டிருந்தது. அந்த ஆண்டுகளில் சில திறமைகளைப் பொறுத்தவரை "சிறு" லீக்தான் பெரிய லீக்காக இருந்தது என்று நான் துணிந்து சொல்வேன்.

1960களில் இன்னோர் அலை வந்தது. அட்லான்டிக் கோஸ்ட் லீக் 1962இல் தொடங்கி 1971 வரை நடந்து, 1973இல் ஒரு பருவம் மட்டும் தலைகாட்டி மறைந்தது. பென்சில்வேனியாவின் சிற்றூரான பாட்ஸ்டவுனின் ஃபயர்பேர்ட்ஸ், ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் அணியோடு தொடர்புடையதாக இருந்து 1969, 1970 ஆண்டுகளில் பட்டம் வென்றது. 1970 ஆகஸ்டில் இந்த லீக்கின் ஆர்லாண்டோ அணியில், கணவர் உதைப்பதற்காகப் பந்தைப் பிடித்துக் கொடுத்த பட்ரீசியா பலின்காஸ், தொழில்முறை அமெரிக்கக் காற்பந்தில் ஆடிய முதல் பெண்ணானார். 1965 முதல் 1969 வரை நடந்த கான்டினென்டல் லீக் சற்றுப் பேராசை பிடித்தது; பேஸ்பாலின் முன்னாள் ஆணையரையே அழைத்துத் தலைமையில் வைத்தது. பின்னாளில் சான் பிரான்சிஸ்கோவுக்கு மூன்று சூப்பர் பௌல் வென்று கொடுத்த பில் வால்ஷ், 1967இல் இந்த லீக்கின் சான் ஹோசே அணிக்குப் பயிற்றுநராக இருந்தவர்தான்.

இவை அனைத்தையும் கொன்றது தொலைக்காட்சி என்பது என் கணிப்பு. ஞாயிறு பிற்பகல் பால்டிமோரும் நியூயார்க்கும் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டபின், மழையில் நனைந்துகொண்டு பாட்ஸ்டவுன் திடலில் நிற்க எத்தனை பேர் போவார்கள்?

உட்லண்ட்ஸ் ஆசிரியை எழுதியது:

சிராங்கூன் ஐயாவின் வரலாற்றை விரும்பிப் படித்தேன். ஆனால் கடைசிப் பத்தியை என்னால் ஏற்க முடியவில்லை. தொலைக்காட்சிதான் காரணம் என்றால் பேஸ்பாலின் சிறு லீக்குகளும் செத்திருக்க வேண்டும். 1950களில் அவையும் கடுமையாகத் தேய்ந்தது உண்மை. இருந்தாலும் 2021இல் சீரமைக்கப்பட்ட பிறகும் 30 பெரிய அணிகளுக்கு ஆளுக்கு நான்கு என 120 கிளை அணிகள் உயிரோடு இருக்கின்றன. வேறுபாடு ஆட்டத்தின் இயல்பிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

கணக்கைப் பாருங்கள். பேஸ்பாலின் மேல்நிலைச் சிறு லீக் அணி ஒன்று ஒரு பருவத்தில் சுமார் 75 ஆட்டங்களைச் சொந்தத் திடலில் ஆடுகிறது. நுழைவுச்சீட்டு மலிவாக இருந்தாலும், கோடை முழுவதும் வாரத்தில் சில நாள்கள் கதவு திறந்திருப்பதால் காசு வந்துகொண்டே இருக்கும். அமெரிக்கக் காற்பந்திலோ உடல் தாங்காது. வாரம் ஓர் ஆட்டம்தான். பத்து வாரப் பருவம் என்றால் சொந்தத் திடலில் ஐந்து முறைதான் வாசலைத் திறக்கலாம். அந்த ஐந்து நாள் வருமானத்தில் ஐம்பது பேருக்குச் சம்பளம், கவசங்கள், காப்புறுதி, மருத்துவர், வெளியூர்ப் பயணம் அத்தனையையும் சமாளிக்க வேண்டும். ஒரு நாள் மழை பெய்தால் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். சிராங்கூனில் ஆண்டுக்கு ஐந்து நாள் மட்டும் திறக்கும் உணவகத்தை ஐம்பது ஊழியர்களோடு நடத்திப் பார்க்கச் சொன்னால் யார் முன்வருவார்கள்?

அதைவிடப் பெரிய காரணம் கல்லூரி. பேஸ்பால் அணிகள் கிளைகளை நடத்துவது ஆட்டக்காரரை வளர்த்தெடுக்க. என்எஃப்எல்லுக்கு அந்தச் செலவே இல்லை. பல்கலைக்கழகங்கள் அந்த வேலையைத் தங்கள் பணத்தில் செய்து தருகின்றன. உயர்நிலைப் பள்ளியை முடித்து மூன்று ஆண்டுகள் கழியாமல் யாரையும் எடுப்பதில்லை என்பது லீக்கின் விதி. மோரிஸ் கிளாரட் என்ற ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆட்டக்காரர் 2004இல் இதை எதிர்த்து வழக்காடி, முதல் நீதிமன்றத்தில் வென்று மேல்முறையீட்டில் தோற்றார். இந்த ஏற்பாட்டின் வேர் பழையது. 1925இல் ரெட் கிரேஞ்ச் கல்லூரியின் கடைசி ஆட்டத்தை முடித்த கையோடு சிகாகோ பேர்ஸ் அணியில் சேர்ந்தபோது எழுந்த கூச்சலுக்குப் பிறகு, ஒரு மாணவரின் வகுப்பு பட்டம் பெறும்வரை அவரைத் தொடமாட்டோம் என்று லீக் வாக்குக் கொடுத்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் 107,000க்கும் அதிகமானோர் அமரலாம். நம் தேசிய விளையாட்டரங்கின் 55,000 இருக்கைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாம் அடுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? இருக்கிறது, மாணவர் அட்டையோடு இருக்கிறது.

கிழமைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1961இல் இயற்றப்பட்ட விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், என்எஃப்எல் அணிகள் தொலைக்காட்சி உரிமையைக் கூட்டாக விற்க அனுமதித்தது. அதே சமயம், இலையுதிர் பருவத்தில் வெள்ளி இரவும் சனிக்கிழமையும் பள்ளி, கல்லூரி ஆட்டங்களுக்குப் பாதகமாக ஒளிபரப்பினால் அந்தச் சலுகை செல்லாது என்றது. ஆக வெள்ளி பள்ளிக்கு, சனி கல்லூரிக்கு, ஞாயிறு தொழில்முறைக்கு என்று வாரம் பங்கு போடப்பட்டுவிட்டது. அதனால்தான் புதிதாக வருகிற லீக் ஒவ்வொன்றும் இளவேனிற்காலத்துக்கு ஓடுகிறது. பிடோக் அன்பரின் மருமகன் பார்த்த ஆட்டமும் கோடையில் நடந்தது தற்செயல் அன்று.

பாசிர் ரிஸ் பந்துக்காரன் எழுதியது:

வணக்கம். நான் வயதில் சிறியவன். பழைய கதை எனக்குத் தெரியாது. இப்போதைய அமைப்பைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

ஒரு திருத்தம் முதலில். 1974-75இல் நடந்த டபிள்யூஎஃப்எல், 1983 முதல் 1985 வரை நடந்த பழைய யுஎஸ்எஃப்எல் ஆகியவற்றைப் பலர் சிறு லீக் என்று எழுதுகிறார்கள். அவை சிறியவையாக இருக்க விரும்பியவை அல்ல. என்எஃப்எல்லின் ஆட்டக்காரர்களையே பெரும் பணம் கொடுத்து இழுத்த போட்டி லீக்குகள். யுஎஸ்எஃப்எல் ஏகபோகத் தடுப்பு வழக்குத் தொடுத்து 1986இல் வென்றது. நீதிமன்ற நடுவர் குழு கொடுத்த இழப்பீடு ஒரு டாலர்; சட்டப்படி மும்மடங்காக்கி மூன்று டாலர்! நம் காப்பிக்கடையில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட அது போதாது.

இப்போது உண்மையான கிளை அணி எங்கே இருக்கிறது என்றால், என்எஃப்எல் அணியின் உள்ளேயே இருக்கிறது. ஒவ்வோர் அணியிலும் 53 பேர் கொண்ட முதன்மைப் பட்டியல்; அதன் பின்னால் 16 பேர் கொண்ட பயிற்சி அணி. இந்தப் பதினாறு பேரும் வாரம் முழுவதும் உடன் பயிற்சி செய்து, வரவிருக்கும் எதிரணியைப் போல் நடித்து ஆடிக் காட்டுவார்கள். ஆட்ட நாளில் அழைப்பு வந்தால் மட்டும் களமிறங்குவார்கள். 2024இல் இவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் வாரத்திற்கு 12,500 அமெரிக்க டாலர். இந்த முறைக்கு முன்னோடி ஒரு வாடகைக் கார் நிறுவனம். 1940களின் பிற்பகுதியில் கிளீவ்லண்ட் பிரௌன்ஸ் உரிமையாளர் மிக்கி மெக்பிரைட், பட்டியலில் இடமில்லாத ஆட்டக்காரர்களைத் தம் டாக்சி நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் சேர்த்துக் கையருகே வைத்திருந்தார். "டாக்சி அணி" என்ற பெயர் அப்படி வந்தது. உள்ளேயே ஆள் இருக்கும்போது பாட்ஸ்டவுனில் ஒரு கிளையை எதற்குத் தீனி போட்டு வளர்க்க வேண்டும்?

என்எஃப்எல் தானே காசு போட்டு வெளியே ஒரு லீக்கை வளர்த்ததும் உண்டு. 1991இல் மூன்று ஐரோப்பிய அணிகளும் ஏழு வட அமெரிக்க அணிகளுமாகத் தொடங்கிய வேர்ல்ட் லீக், 1992 பருவத்தோடு நிறுத்தப்பட்டு, 1995இல் ஐரோப்பாவில் மட்டும் ஆறு அணிகளுடன் திரும்பி, என்எஃப்எல் யூரோப் ஆனது. 2007 கோடையில் மூடியபோது ஆறில் ஐந்து அணிகள் ஜெர்மனியில் இருந்தன. இதுதான் என்எஃப்எல் நடத்திய ஒரே முழுமையான வளர்ப்பு லீக் என்று சொல்லலாம்.

அதன் பிறகு வந்தவை தனியார் முயற்சிகள். 2019இல் ஏஏஎஃப் என்ற லீக் பத்து வாரப் பருவத்தில் எட்டு வாரம் ஆடிவிட்டு நின்றது. அதில் பணம் போட்டவர், என்எஃப்எல் பயிற்சி அணி ஆட்டக்காரர்களைத் தங்களுக்கு இரவல் தர ஆட்டக்காரர் சங்கம் சம்மதிக்க வேண்டும் என்று கேட்டார், சங்கம் இசையவில்லை. ஓய்வுக் காலத்தில் காயம்பட்டால் யார் பொறுப்பு என்று நினைத்துப் பார்த்தால் சங்கத்தின் தயக்கம் புரியும். எக்ஸ்எஃப்எல் 2001இல் ஒரு பருவம், 2020இல் தொற்றுநோயால் பாதிப் பருவம், 2023இல் ஒரு பருவம். 2022இல் பழைய பெயரில் புதிய யுஎஸ்எஃப்எல். கடைசி இரண்டும் சேர்ந்து 2024இல் எட்டு அணிகளுடன் யுஎஃப்எல் ஆயின. உள்ளரங்கக் காற்பந்து தனிக் கிளை: 50 கஜக் களம், பக்கத்திற்கு எட்டுப் பேர், 1987இல் தொடக்கம். ஐஸ் ஹாக்கி அரங்கின் அளவுக்குள் ஆட்டத்தை மடக்கிய வித்தை அது.

பிடோக் வாசகன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் எஞ்சியிருக்கிறது. கல்லூரியே இரண்டாம் அடுக்கு என்றால், கல்லூரியிலிருந்து எடுக்கப்படாமல் போனவருக்குக் கதவு அதோடு மூடிவிடுமா? மருமகன் சந்தித்த வீரர் 27 வயதானவர். இன்னும் நம்பிக்கையோடு இருக்கிறாராம்.

சிராங்கூன் சாலைக்காரர் எழுதியது:

முதலில் உட்லண்ட்ஸ் அம்மாவுக்கு: சொந்தத் திடல் கணக்கை நான் யோசிக்கவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேஸ்பால் கிளைகள் பிழைத்ததற்கு, ஆட்டக்காரர் சம்பளத்தைத் தாய் அணி கொடுத்ததும் காரணம் அல்லவா? தொலைக்காட்சி கூட்டத்தைக் குறைத்தபோது அங்கே தாங்கிப் பிடிக்க ஒரு கை இருந்தது. காற்பந்தில் அந்தக் கை கல்லூரியைப் பிடித்துக்கொண்டிருந்தது. இருவர் சொல்வதும் ஒரே கயிற்றின் இரு முனைகள்தான் போலும்.

பிடோக் தம்பியின் கேள்விக்கு: கதவு மூடுவதில்லை, ஆனால் சந்து மிகக் குறுகல். ஜானி யூனிட்டாஸ் 1955இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியால் ஓர் ஆட்டத்தில்கூட இறக்கப்படாமல் வெளியேற்றப்பட்டார். அந்த இலையுதிர் காலத்தில் ப்ளூம்ஃபீல்டு ராம்ஸ் என்ற அரைத்தொழில்முறை அணிக்கு, ஆட்டத்திற்கு ஆறு டாலர் வாங்கிக்கொண்டு, கரடுமுரடான திடலில் ஆடினார். மறு ஆண்டு பால்டிமோர் கோல்ட்ஸ் அழைத்தது. 1958இல் அவர் நியூயார்க்கை வீழ்த்தி வென்ற இறுதியாட்டம்தான் நான் முன்பு சொன்ன தொலைக்காட்சி யுகத்தைத் திறந்துவிட்டது. சிறு லீக்கிலிருந்து வந்தவரே சிறு லீக்குகளின் காலத்தை முடித்து வைத்தார் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

கர்ட் வார்னர் 1994இல் கிரீன் பே அணியால் கழிக்கப்பட்டு, அயோவாவில் ஒரு மளிகைப் பேரங்காடியில் இரவுநேரத்தில் அலமாரிகளை அடுக்கினார். 1995 முதல் உள்ளரங்கக் காற்பந்தில் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ், 1998இல் ஐரோப்பிய லீக்கின் ஆம்ஸ்டர்டாம் அணி, பிறகு செயின்ட் லூயிஸ் ராம்ஸ். 2000 ஜனவரியில் சூப்பர் பௌலை வென்று ஆட்ட நாயகனும் ஆனார். பாசிர் ரிஸ் தம்பி எழுதிய பாதைகளில் இரண்டை ஒரே மனிதர் நடந்து காட்டிவிட்டார்.

பாசிர் ரிஸ் பந்துக்காரன் எழுதியது:

அண்மைக் காலத்தில் இந்தச் சந்து வழியாக அதிகம் வருகிறவர்கள் உதைப்பவர்கள், அதாவது பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துக் களக்கோல் அடித்துப் புள்ளி எடுப்பவர்கள். பிராண்டன் ஆப்ரி, நாம் ஆடும் காற்பந்தில் 2017இல் டொரான்டோ அணியால் தேர்வு செய்யப்பட்டவர்; அங்கே நிலைக்காமல் மென்பொருள் பொறியாளராக வேலை பார்த்தார். பர்மிங்ஹாம் அணிக்காகப் புதிய யுஎஸ்எஃப்எல்லில் இரண்டு பருவம் உதைத்த பிறகு 2023இல் டாலஸ் கௌபாய்ஸ் அவரை எடுத்தது. என்எஃப்எல்லில் முதல் 35 களக்கோல் முயற்சிகளையும் ஒன்றுகூடத் தவறாமல் அடித்துச் சாதனை படைத்தபோது அவருக்கு வயது 28. அதே டாலஸ் அணி 2022இல் அதே லீக்கின் மதிப்புமிக்க வீரரான கவான்டே டர்ப்பினை எடுத்தது. 2024இல் யுஎஃப்எல்லின் மிச்சிகன் அணிக்காக 64 கஜத் தொலைவிலிருந்து உதைத்த ஜேக் பேட்ஸ், அடுத்த சில மாதங்களில் டெட்ராய்ட் லயன்ஸ் சீருடையில் இருந்தார். உதைப்பு எந்த லீக்கில் உதைத்தாலும் அதே கம்பம், அதே தொலைவு. அதனால் தேர்வாளர் நம்பி எடுக்கலாம். தடுப்பு வரிசை ஆட்டக்காரருக்கு அந்த வசதி இல்லை. எதிரே நின்றவர் யார் என்ற கேள்வி வந்துவிடும்.

ஆனால் இவர்கள் எல்லோரும் சம்பளம் தரும் லீக்கிலிருந்து போனவர்கள். மருமகன் பார்த்தது அதற்கும் கீழே, நாடெங்கும் பரவிக் கிடக்கும் பெரியவர்களுக்கான அமெச்சூர் லீக் வகை. மைனர் லீக் என்றும் அரைத்தொழில்முறை என்றும் அவர்களே அழைத்துக்கொள்வார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை, சீருடைக்கும் காப்புறுதிக்கும் நடுவர் கூலிக்கும் ஆட்டக்காரர்களே பணம் போடுவார்கள். லீக்குகள் அடிக்கடி பிரியும், சேரும், பெயர் மாறும். அங்கிருந்து என்எஃப்எல்லுக்கு நேர்வழி கிடையாது. உள்ளரங்க லீக்கிலோ யுஎஃப்எல் நடத்தும் தேர்விலோ முதலில் இடம்பிடிக்க வேண்டும்.

உட்லண்ட்ஸ் ஆசிரியை எழுதியது:

இதில் நாம் அமெரிக்கர்களைப் பார்த்து வியக்க ஒன்றுமில்லை. நம் ஊர்க் காற்பந்தின் தொழில்முறை லீக்கான எஸ்-லீக் 1996இல் தொடங்கியது. மறு ஆண்டே குழுக்களின் இளையர்களுக்காக பிரைம் லீக் வந்தது. 2017க்குப் பிறகு அது இல்லை. மேல் லீக்குக்கும் அதற்குக் கீழுள்ள அமெச்சூர் பிரிவுகளுக்கும் இடையே ஏற்றமும் இறக்கமும் நம் ஊரிலும் கிடையாது. அந்த அமெச்சூர் போட்டிக்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை தேசியக் காற்பந்து லீக் என்றுதான் பெயர். சுருக்கினால் நமக்கும் ஒரு என்எஃப்எல் இருந்தது! வேலை முடிந்து, பெருவிரைவு ரயிலில் காலணிப் பையோடு திடலுக்கு ஓடிய என் தம்பி அந்த என்எஃப்எல்லில் ஆடியவன். அவனிடம் யாரும் நீ தொழில்முறையா என்று கேட்டதில்லை, அவனும் சொல்லிக்கொண்டதில்லை.

அந்த 27 வயது வீரருக்கு என் கேள்வி ஒன்றே ஒன்று: அவர் அணியில் எந்த நிலையில் ஆடுகிறார்?

பிடோக் வாசகன் எழுதியது:

இன்று காலை மருமகனிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கேன்டன் அவன் இருக்கும் இடத்திலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் போய்விடலாமாம். விடுமுறையில் போகிறேன் என்றான். ஆசிரியையின் கேள்வியையும் கேட்கச் சொன்னேன். அந்த வீரர் தடுப்பு வரிசையில் ஆடுகிறாராம், உதைப்பவர் அல்லர். சந்தாவை இரண்டு தவணையாகக் கட்டுகிறார்; இரண்டாம் தவணை இன்னும் பாக்கி. அடுத்த ஆட்டம் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, நமக்கு ஞாயிறு காலை ஏழு. கைப்பேசியில் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நான் காப்பி போட்டு வைத்துக்கொள்வேன்.